தேனீப் பிசினைச் சாறாக்கி அதன் பாக்டீரியா எதிர்ப்பைச் சோதிக்கும் முறை

மரங்களின் மொட்டுகளிலும் பட்டைகளிலும் கசியும் பிசினைத் தேனீக்கள் திரட்டி, மெழுகோடு கலந்து, கூட்டின் இடுக்குகளை அடைக்கப் பயன்படுத்தும் பொருளே புரோபொலிஸ். அதில் ஏறக்குறைய 50 விழுக்காடு பிசினும் 30 விழுக்காடு மெழுகும் 10 விழுக்காடு நறுமண எண்ணெயும் 5 விழுக்காடு மகரந்தமும் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் பிசினின் வேதிப்பண்பைத் தீர்மானிப்பது சுற்றுப்புறத் தாவரங்களே. பாப்லர் மரங்கள் மிகுந்த ஐரோப்பியப் பகுதிகளில் பினோசெம்பிரின், கலாங்கின், கிரைசின் ஆகிய ஃபிளேவனாய்டுகள் என்னும் தாவரச் சேர்மங்கள் மேலோங்கியிருக்க, பிரேசிலின் பச்சைப் புரோபொலிஸில் ஆர்ட்டிபிலின் சி என்னும் சேர்மம் முதன்மை பெறுகிறது. எனவே மாதிரி எங்கே, எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டது என்பதைப் புட்டியின் மேல் எழுதி ஒட்டிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

படி 1: மாதிரியை ஓரிரவு உறைபெட்டியில் வையுங்கள். அறை வெப்பத்தில் விரலோடு ஒட்டிக்கொள்ளும் பிசின், குளிர்ந்ததும் கண்ணாடிச் சில்லுபோல் நொறுங்கும்; அந்த நிலையிலேயே பொடித்துவிட வேண்டும். சிலருக்கு இது தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் கையுறை அவசியம்.

படி 2: 10 கிராம் பொடியை 100 மி.லி. 70 விழுக்காட்டு எத்தனாலில் இட்டு, பழுப்பு நிறப் புட்டியில் ஒரு வாரம் இருட்டில் வைத்து, நாள்தோறும் குலுக்குங்கள். அருகில் நெருப்பு கூடாது.

படி 3: சாற்றை ஓரிரவு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கரைந்திருந்த மெழுகு திரண்டு படியும், குளிர்ச்சி குறையுமுன் வடிதாளில் வடித்துவிடுங்கள்.

படி 4: எடை பார்த்த சிறு தட்டில் 1 மி.லி. சாற்றை ஊற்றி, எடை மாறாத நிலைவரை மிதமான சூட்டில் உலர்த்தி, மீண்டும் எடை பாருங்கள். சாற்றில் உண்மையில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்பது இதில்தான் தெரியும். இந்த எண் இல்லாமல் இரண்டு மாதிரிகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

படி 5: இனி வரும் பாக்டீரியாச் சோதனையை ஆய்வகத்தில், அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும். நோய் உண்டாக்காத பேசில்லஸ் சப்டிலிஸ், ஈ. கோலை கே-12 ஆகியவை தொடக்கநிலையினருக்கு ஏற்றவை. 0.5 மெக்ஃபார்லாந்து (கலங்கலைக் கொண்டு பாக்டீரியாவின் அளவை மதிப்பிடும் அளவுகோல்) கலங்கலுக்குச் சரிசெய்த பாக்டீரியாவை, தட்டிலுள்ள முல்லர்-ஹின்டன் அகார் என்னும் வளர்ப்பு ஊடகத்தின் மீது சீராகப் பூசுங்கள். 6 மி.மீ. வடிதாள் வட்டுகளில் 20 மைக்ரோலிட்டர் சாறு இட்டு, முழுமையாக உலர்ந்தபின் அந்த அகார் மேல் வையுங்கள். அதே அளவு எத்தனால் மட்டும் இட்டு உலர்த்திய வட்டு ஒன்றும், ஆன்டிபயாடிக் வட்டு ஒன்றும் அதே தட்டில் இருக்க வேண்டும். எத்தனால் வட்டைத் தவிர்த்துவிட்டால், பாக்டீரியாவைத் தடுத்தது பிசினா எத்தனாலா என்று யாராலும் சொல்ல முடியாது. என் பார்வையில், முழுச் சோதனையின் நம்பகத்தன்மையும் அந்த ஒரு வட்டில்தான் அடங்கியிருக்கிறது.

படி 6: 37 டிகிரி செல்சியஸில் 18 முதல் 24 மணி நேரம் வைத்தபின், வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வளையத்தின் விட்டத்தை வட்டையும் சேர்த்து அளந்து எழுதுங்கள். பெரும்பாலும் பேசில்லஸைச் சுற்றி வளையம் தெளிவாகவும், ஈ. கோலையைச் சுற்றிச் சிறிதாகவோ இல்லாமலோ இருக்கும். ஈ. கோலை போன்ற கிராம் எதிர் வகைப் பாக்டீரியாவின் வெளிச்சவ்வு இத்தகைய சேர்மங்களை எளிதில் உள்ளே விடுவதில்லை. அதே வேளையில், நீரில் எளிதில் கரையாத பிசின் சேர்மங்கள் அகாரில் மெதுவாகவே பரவுவதால், சிறிய வளையத்தைக் கண்டதும் சாறு வலுவற்றது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. திரவ ஊடகத்தில் சாற்றைப் படிப்படியாகப் பாதியாக நீர்த்து, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டறிந்தபின் முடிவெடுங்கள். பயன்படுத்திய தட்டுகளை ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கலத்தில் 121 டிகிரி செல்சியஸில் கிருமிநீக்கம் செய்த பிறகே அகற்ற வேண்டும்.