ரைஃபிளுக்கு ரப்பர் பஃபர்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஏகே-47 வகை செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் ஆசையாக வாங்கிப் போடும் சின்னச் சாமான் ஒன்று உண்டு: ரீகாயில் பஃபர். சில டாலர் விலையில் ரப்பர் போன்ற ஒரு பாலியூரிதேன் துண்டு, அவ்வளவுதான். ரிசீவரின் (துப்பாக்கியின் நடுக்கூட்டின்) பின்கோடியில், ரீகாயில் ஸ்பிரிங்கின் அடியில் செருகிவிட்டால், சுட்டதும் பின்னால் ஓடிவரும் போல்ட் கேரியர் (தோட்டாவைத் தள்ளி அடைக்கும் போல்ட்டைச் சுமக்கும் இரும்புப் பாகம்) இரும்பில் மோதாமல் இதன்மேல் மோதும். உதை குறையும், துப்பாக்கி நீண்டநாள் உழைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். என்னைக் கேட்டால், ஏகேவுக்கு இது பெரும்பாலும் வேண்டாத செலவு.

உதை குறையும் என்று நம்பி வாங்குவதுதான் முதல் தவறு. குண்டு குழலைவிட்டு வெளியேற ஏறக்குறைய ஒரு மில்லிநொடிதான் ஆகிறது. துப்பாக்கி பின்னால் கிளம்புவது அப்போதே. கேரியர் பின்சுவரில் போய் இடிப்பது அதற்கப்புறம். பஃபர் தணிப்பது இந்த இரண்டாவது இடியை மட்டும். இரும்புச் சத்தம் மங்குவதால், உதையே பாதியாகிவிட்டது போலத் தோன்றும்.

தடிமனைக் கவனிக்காமல் போடுவது இதைவிட மோசம். கேரியர் தேவைக்குச் சற்று அதிகமாகவே பின்னால் போய்வரும்படி ஏகேவை அமைத்திருக்கிறார்கள். மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தள்ள அந்தக் கூடுதல் தூரம்தான் அவகாசம் தருகிறது. பஃபர் அதில் கைவைக்கிறது. துண்டு மிகத் தடிமனாக இருந்தால் போல்ட் தோட்டாவின் பின்விளிம்பைத் தாண்டவே தாண்டாது; குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியாகவே மூடிக்கொள்ளும்.

போட்டுவிட்டு மறந்துபோகிறவர்களும் உண்டு. எண்ணெய், கரைப்பான், சூடு, இடைவிடாத அடி எல்லாம் சேர்ந்து பாலியூரிதேனை நாளடைவில் பிய்த்துவிடும். துணுக்குகள் நேரே ட்ரிகர் பாகங்களுக்குள்தான் விழும்! போட்டே தீருவேன் என்றால் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் கழற்றிப் பாருங்கள். விரிசல் கண்டால் தூக்கிப் போடுங்கள்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கை. துப்பாக்கியைக் காலி செய்து, மேல்மூடியைக் கழற்றி, கேரியர் இடிக்கும் இடத்தைப் பாருங்கள். பெயின்ட் மட்டும் தேய்ந்திருந்தால் கவலையில்லை. இரும்பே நசுங்கி விளிம்பு பிதுங்கியிருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது கேரியரை ஓட்டும் வெடிமருந்து வாயுவான கேஸ் அதை அதிகமாகத் தள்ளலாம். புது ஸ்பிரிங் மாற்றியும் நிற்கவில்லையென்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பஃபரால் மூடிவைத்தால் கோளாறு உள்ளேயே இருக்கும்.

ஏஆர்-15 ரைஃபிளில் பஃபர் என்றால் சங்கதியே வேறு. அங்கே அது ஒட்டுச் சாமான் இல்லை, ஸ்பிரிங்கோடு சேர்ந்து ஓடும் எடைத் துண்டு; அது இல்லாமல் ரைஃபிளே ஓடாது. குட்டை ரைஃபிளான கார்பைனுக்குரிய சாதாரண பஃபர் சுமார் 85 கிராம். உள்ளே உள்ள இரும்பு எடைகள் மூன்றுக்கும் பதில் டங்ஸ்டன் என்ற கனமான உலோகம் வைத்த எச்3 என்ற பஃபர் சுமார் 150 கிராம். கேஸ் அதிகமாகத் தள்ளும் துப்பாக்கியில் ஒருபடி கனமானது போட்டால் நிஜமாகவே ஓட்டம் நிதானப்படும். எடுத்த எடுப்பில் எச்3 போட்டுவிட்டு, வலுக்குறைந்த தோட்டாவில் ஏன் சிக்குகிறது என்று தலையைச் சொறியக் கூடாது.

சரி, காசு கொடுத்து வாங்கத் தகுந்த ரப்பரே இல்லையா? ரூகர் 10/22 என்ற சின்னத் தோட்டா ரைஃபிளுக்கு உண்டு. அதில் போல்ட் பின்னால் வந்து இடிப்பது ஓர் இரும்பு ஊசியில். அதை எடுத்துவிட்டு அதே அளவு பாலியூரிதேன் ஊசியைச் செருகினால் போதும். அளவு மாறாததால் ஓட்டமும் குறைவதில்லை, 'டங்' சத்தமும் அடங்கிவிடுகிறது.