செக்கல் வெளிச்சத்தில் ஒளிப்படம் எடுப்பது எப்படி: பண்ணைக் கரையில் நான் பழகிய முறை

பொழுதுபடும் நேரத்தில் யாழ்ப்பாண நகரக் கரையிலுள்ள பண்ணைப் பாலத்தடியில் நின்றால், பரவைக்கடலும் வானமும் ஒன்றாகிப் பனங்கட்டிப் பாகின் நிறத்தில் மினுங்குவதைப் பார்க்கலாம். அதே காட்சியைக் கமராவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது, பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்ததைப் போல எல்லாம் வெளிறிக் கிடந்தன. நேரம் பிழை என்று நினைத்து இன்னும் பிந்திப் போனேன். லென்ஸ் பிழை என்று நினைத்து நண்பரிடம் வேறொன்று இரவல் வாங்கினேன். இரண்டும் காரணமல்ல என்று கண்டுபிடிக்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்தது. அந்த ஒரு வருடத்தை மற்றவர்களாவது இழக்கக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன். கமராவையோ கைத்தொலைபேசியையோ கையாள ஓரளவு தெரிந்தவர்களுக்கு இது போதும்.

முதற்படி: நேரமும் திசையும்

இந்த ஒளியைப் பொன்மணி நேரம் என்று சொல்வதால் ஒரு மணித்தியாலம் கிடைக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில், ஏறக்குறைய 9.7 பாகை வட அகலாங்கில் இருப்பதால், இங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்காமல் செங்குத்தாகவே விழுகிறது. அடிவானத்துக்கு மேலே ஆறு பாகை உயரத்திலிருந்து மறையும் வரைக்கும் நமக்குக் கிடைப்பது 25 நிமிடம், மிஞ்சினால் 27 நிமிடம். ஜூன் மாதத்து லண்டனில் அதே ஆறு பாகையைக் கடக்கச் சூரியனுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் செல்லும். ஆகவே வெளிநாட்டில் இருக்கும் உறவினர் சொல்லும் நேரக்கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வெளிச்சம் கைவிட்டுப் போய்விடும். நம் ஊர்ப் பேச்சில் சிவந்த பொழுதைச் செக்கல் என்றும் அதன் பிறகு இருளத் தொடங்கும் பொழுதை மைமல் என்றும் பிரித்துச் சொல்வார்கள். படம் எடுப்பவருக்கு இந்த இரண்டு சொற்களும் மிகச் சரியான கால அளவுகள்.

சூரியன் மறையும் நேரம் நவம்பர் தொடக்கத்தில் மாலை 5.45 அளவிலும், ஜூன் நடுப்பகுதியில் 6.30 அளவிலும் இருக்கும். நேரத்தைவிட முக்கியமானது திசை. ஜூனில் சூரியன் நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளியும், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளியும் மறைகிறது. காரைநகர் கசூரினா கடற்கரை வடக்கு நோக்கியது. அங்கே ஜூனில் போனால் சூரியன் கடற்பக்கமாகச் சாயும், டிசம்பரில் போனால் தரைப்பக்கமாக மரங்களுக்குப் பின்னால் போய்விடும். இதற்கென்று காசு கொடுத்து வாங்கும் போட்டோபில்ஸ் செயலியை நானும் சில காலம் பயன்படுத்தினேன். தொடங்குபவர்களுக்கு அது தேவையில்லை. சன்கால்க் இணையத்தளத்தில் வரைபடத்தின் மீது ஊரைத் தொட்டால், எந்தத் திகதியில் சூரியன் எந்தக் கோட்டில் எழும், எந்தக் கோட்டில் மறையும் என்று இலவசமாகவே காட்டும்.

காலைக்கு வடமராட்சியின் கிழக்குக் கரை, குறிப்பாக மணற்காடு, நல்ல இடம். படுத்த வெயிலில் மணல்மேட்டின் ஒவ்வொரு வரியும் தன் நிழலோடு தெரியும். மாலைக்குப் பண்ணையும் கோட்டையும் போதும். ஒல்லாந்தர் கட்டிய கோட்டை ஐங்கோண வடிவம் கொண்டிருப்பதால், எந்த மாதத்தில் போனாலும் ஏதோ ஒரு மதிற்பக்கம் மாலை வெயிலை வாங்கிக்கொள்ளும்.

இரண்டாம்படி: முன்கூட்டியே போய் நில்லுங்கள்

மறைவதற்கு முக்கால் மணித்தியாலம் முன்னதாகவே இடத்தில் இருங்கள். எங்கே நிற்பது, முன்னால் எதை வைப்பது என்பதை வெயில் வெள்ளையாக இருக்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். படைமுகாம்கள் இருக்கும் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

மூன்றாம்படி: வெண்சமநிலை

எனக்கு ஒரு வருடம் எடுத்தது இந்தப் படிதான். எந்த வெளிச்சத்திலும் வெள்ளைத் தாளை வெள்ளையாகவே காட்ட வேண்டும் என்பது கமராவின் தானியங்கி வெண்சமநிலைக்கு (white balance) இடப்பட்ட வேலை. மஞ்சள் மின்குமிழின் கீழ் அது உதவிதான். ஆனால் செக்கலில், தாழ்ந்த சூரியனின் ஒளி வளிமண்டலத்தினூடாக நெடுந்தூரம் வரும்போது நீலம் வழியிலேயே சிதறிப்போய்ச் சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. அந்தச் செம்மஞ்சளைக் கமரா ஒரு பிழை என்று எடுத்துக்கொண்டு, அதனைச் சரிசெய்வதற்காக நீலத்தைக் கூட்டிவிடுகிறது. நாம் எதைப் பார்த்து நின்றோமோ, எதற்காக அவ்வளவு தூரம் போனோமோ, அதையே கமரா கழுவித் துடைத்துவிடுகிறது.

ஒரு மாலை பண்ணையில் மீன்பிடிக்க நட்டிருந்த சிறகுவலைக் கம்புகளை ஒரே இடத்தில் நின்று இரண்டு முறை எடுத்தேன். முதற்படம் தானியங்கியில், ஐந்து விநாடி கழித்து எடுத்த இரண்டாவது படம் பகல்வெளிச்சம் என்ற அமைப்பில். முதற்படத்தில் தண்ணீர் ஈயத்தின் நிறத்தில் இருந்தது. இரண்டாவதில் கம்புகளுக்கு இடையில் இருந்த தண்ணீர் முழுவதும் பொன்னாக இருந்தது, கம்பின் ஈரமான அடியில்கூட ஒரு செம்பு நிறக் கோடு ஓடியது. அன்றிலிருந்து வெளியிடத்தில் தானியங்கி வெண்சமநிலையை நான் தொடுவதே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கமராவில் வெண்சமநிலைப் பட்டியலைத் திறந்து, சூரியன் படம் போட்ட பகல்வெளிச்சத்தைத் தெரிவுசெய்யுங்கள். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் அது ஏறக்குறைய 5200. முகில் படம் போட்டது ஏறக்குறைய 6000 கெல்வின். செக்கலின் முதல் பதினைந்து நிமிடத்தில், வெயில் இன்னும் முழுதாகச் சிவக்காதபோது முகில் அமைப்பையும், கடைசிப் பத்து நிமிடத்தில் பகல்வெளிச்சத்தையும் நான் வைக்கிறேன். நிழல் என்ற அமைப்பை விட்டுவிடுங்கள். அதில் எடுத்தால் ஆட்களின் முகம் மஞ்சள் அரைத்துப் பூசியது போலாகிவிடும்.

கெல்வின் எண்ணை நேரடியாக இடுபவர்கள் இங்கே குழம்புவது வழக்கம். செம்மஞ்சள் ஒளியின் கெல்வின் எண் குறைவு, ஆனால் கமராவில் எண்ணைக் கூட்டினால்தான் படம் வெம்மையாகிறது. நாம் இடும் எண், வெளியில் இருக்கும் ஒளி இன்னது என்று கமராவுக்குச் சொல்லும் சொல். ஒளி நீலமாக இருக்கிறது என்று சொன்னால் அது மஞ்சளைச் சேர்க்கும், மஞ்சளாக இருக்கிறது என்று சொன்னால் நீலத்தைச் சேர்க்கும். இதனை ஒருமுறை விளங்கிக்கொண்டால் பிறகு மறக்காது.

கமராவில் ரோ (RAW) எனும் பதப்படுத்தாத மூலக் கோப்பாக எடுப்பவர்கள் வெண்சமநிலையைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மை. அப்படியிருந்தும் அதை முதலிலேயே சரியாக வையுங்கள். பின்திரையில் வெளிறிய படம் தெரிந்தால் மனம் சலித்து, வெளிச்சம் உச்சத்தில் இருக்கும்போதே கமராவை மூடிவிடத் தோன்றும். நான் அப்படிப் பல மாலைகளைத் தவறவிட்டிருக்கிறேன்.

நான்காம்படி: ஒளியளவு

சூரியன் சட்டகத்துக்குள் இருந்தால் வானத்துக்கு ஏற்றபடி அளவிடுங்கள். கைத்தொலைபேசியில் சூரியனுக்குச் சற்றுத் தள்ளி வானத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் அளவு பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். பனைகளும் வள்ளங்களும் கரிய உருவங்களாக நிற்கும். கமராவில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று தொடங்கி, ஒளியளவு ஈடுசெய்தலில் (கமரா கணித்த ஒளியளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஒரு படி குறைத்தால் போதும். பெரிய லென்ஸ் வழியாகச் சூரியனை நேரே பார்ப்பது கண்ணுக்குக் கேடு. கண்வைத்துப் பார்க்கும் துளையை விட்டுப் பின்திரையைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் சூரியனையே எடுத்துக்கொண்டிருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, தயவுசெய்து ஒருமுறை திரும்பிப் பாருங்கள் என்பதுதான். கோட்டை மதிலில் பவளக்கற்கள் பதிந்திருக்கின்றன. நண்பகலில் அந்த மதில் வெறும் சாம்பல் நிறம். செக்கலில் பக்கவாட்டாக வரும் வெயிலில் ஒவ்வொரு கல்லின் சிறு துளைக்கும் ஒரு நிழல் விழுந்து, கடலுக்குள் அந்தக் கல் உயிரோடு இருந்த வடிவம் கண்ணுக்குத் தெரியும். யாழ்ப்பாண நூலகத்தைப் போன்ற வெண்ணிறக் கட்டடத்தை எடுக்கும்போது மட்டும், கமரா வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும் என்பதால், ஈடுசெய்தலை அரைப் படிக்கு மேல் கூட்டுங்கள்.

ஐந்தாம்படி: ஆட்கள்

முகத்தில் வெயில் நேரே விழுந்தால் கண் கூசும். சூரியனை அவர்களின் தோளுக்குப் பின்னால் பக்கவாட்டில் வைத்தால், தலைமுடியின் ஓரம் பொன்னாக ஒளிரும். அப்போது ஒளியளவை வானத்துக்கல்ல, முகத்துக்கு அளவிட வேண்டும். 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் இதற்கு மிகப் பொருத்தமானது. செம்மஞ்சள் வடிகட்டிகளுக்குக் காசைச் செலவழிப்பதைவிட இந்த லென்ஸை வாங்குவதே நல்லது.

முன்பின் தெரியாதவரை எடுப்பதற்கு முன் கட்டாயம் கேளுங்கள். வலையைச் சீர்செய்துகொண்டிருந்த ஒருவரிடம், "அண்ணை, ஒரு படம் எடுக்கலாமோ?" என்று கேட்டேன். "எடுங்கோ தம்பி, பொழுதுபட முன்னம் எடுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைத் தொடர்ந்தார். கேட்டதால்தான் அவருடைய விரல்களுக்கு அவ்வளவு அண்மையில் போய் எடுக்க முடிந்தது.

ஆறாம்படி: உடனே புறப்பட வேண்டாம்

சூரியன் மறைந்த பின் இன்னும் இருபது நிமிடம் வரை வானில் ஒளி இருக்கும். முகில் இருந்தால் அது கீழிருந்து சிவக்கும். முக்காலி தேவைப்படுவது இந்த மைமலில்தான்.

பின்னர் சேர்த்தவை

இதனை முதலில் எழுதியபோது ஐபோன் வைத்திருப்பவர்களை நான் நினைக்கவில்லை. அதன் சொந்தக் கமராவில் வெண்சமநிலைப் பட்டியல் இல்லை என்று இருவர் எழுதினார்கள். லைற்றூம் செயலிக்குள் இருக்கும் கமராவில் அது உண்டு. ஆண்ட்ராய்டில் அமைப்புகளை நாமே மாற்றும் புரோ என்ற பகுதி இல்லாதவர்கள் இலவசமான ஓப்பன் கமரா செயலியைப் போட்டுக்கொள்ளலாம். காட்சியைத் தானே அறிந்து நிறத்தைத் திருத்தும் வசதி உங்கள் கைத்தொலைபேசியில் இருந்தால் அதனை நிறுத்திவிடுங்கள்.

விடியப்புறம் குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை நேரே கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸில் நீராவி படிந்து, அது காய்வதற்குள் சூரியன் மேலே வந்துவிடும் என்று வேறொருவர் எழுதியிருந்தார். முதல்நாள் இரவே கமராவைப் பையோடு விறாந்தையில் வைத்துவிடுங்கள். சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் கரையில் உப்புத் தூவானம் கண்ணுக்குத் தெரியாமல் படியும்; சூரியனை நோக்கிப் பிடிக்கும்போது அந்தப் படிவம் முழுப் படத்தையும் வெண்புகையாக்கும். பழைய மென்மையான பருத்தித் துணி ஒன்றைப் பையில் வைத்திருந்து, ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒருமுறை மெதுவாகத் துடையுங்கள். மணல் பட்டிருந்தால் முதலில் ஊதிவிட்டுத்தான் துணியை வைக்க வேண்டும்.