டிஸ்க் கோளாறுக்கு டிரைவரில் மருந்து போடும்போது தவிர்க்க வேண்டியவை

புதுச்சேரி லாஸ்பேட்டையில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஆண்டுதோறும் புதிய பொறியாளர்கள் வருகிறார்கள். டிஸ்க்கை இயக்கும் நிரலான டிஸ்க் டிரைவரில் கை வைத்ததும் அவர்கள் செய்யும் தவறுகள், நான் ஒரு காலத்தில் செய்தவையேதான். நினைவகத்தை விடுவிக்க மறப்பது, பூட்டுகளை வரிசை மாற்றிப் போடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைக் கருவிகளே காட்டிக்கொடுத்துவிடும். ஒழுங்காக நடக்காத வன்பொருளுக்காக லினக்ஸின் மைய நிரலான கெர்னலில் குவர்க் (அந்த வன்பொருளுக்கு மட்டுமான விதிவிலக்கு) எழுதும்போது நேரும் தவறுகள் வேறு வகை. அவை மாதக்கணக்கில் பதுங்கியிருந்து, வேறொருவர் தலையில் விடியும்.

கேபிளை மாற்றிப் பார்க்காமல் டிரைவரைத் தொடுவது

நம் உப்புக்காற்றில் யுஎஸ்பி முனைகள் சீக்கிரம் அரித்துப்போகும். வேறு கேபிள், வேறு போர்ட், போதிய மின்சாரம். பிறகுதான் நிரல்.

ஃபிளஷ் கட்டளையை வாயடைப்பது

டிஸ்க்குக்குள் ஒரு கேஷ் நினைவகம் உண்டு. எழுதச் சொன்ன தரவு முதலில் அங்கே தங்கும். மின்சாரம் போனால் பெரும்பாலான டிஸ்க்குகளில் அது அழிந்துவிடும். ஆகவே கெர்னல் முக்கியமான கட்டங்களில் ஃபிளஷ் கட்டளை அனுப்பி, கேஷில் இருப்பதை நிலையான இடத்தில் பதியச் செய்கிறது. கோப்பு முறையின் ஜர்னலும் (மாற்றங்களை முன்கூட்டிக் குறிக்கும் பதிவேடு) தரவுத்தளத்தின் எஃப்சிங்க் அழைப்பும் (தரவை டிஸ்க்கில் பதிந்து முடிக்கச் சொல்வது) இதை நம்பித்தான் நிற்கின்றன.

டிஸ்க்கை உள்ளே வைக்கும் மலிவான சில யுஎஸ்பி பெட்டிகளின் பிரிட்ஜ் சிப் (யுஎஸ்பிக்கும் டிஸ்க்குக்கும் இடையே கட்டளைகளைக் கடத்துவது) இந்தக் கட்டளை வந்ததும் திணறி நின்றுவிடும். கெர்னல் பதிவில் (லாக்) டைம்அவுட் வரும், பிறகு ரீசெட் வரும். கடலூர் முதுநகரில் ஓர் ஐஸ் தொழிற்சாலைக்கு விநியோகக் கணக்கு எழுதும் சிறு கணினியை அமைத்த இளைஞர் இதில்தான் மாட்டினார். கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த டிஸ்க்குக்கான ‘ரைட் கேஷ்’ கோப்பில் ‘ரைட் த்ரூ’ (கேஷில் தங்காமல் நேரே பதிவது) என்று எழுதினார். பிழை நின்றது, வேகமும் கூடியது. “சார், டிஸ்க் சரியாகிவிட்டது” என்றார். சாதனம் இணையும்போதெல்லாம் தானே இயங்கும் யுடெவ் விதியாகவும் எழுதி நிரந்தரமாக்கினார். ஐப்பசி மழையில் மின்சாரம் போய்த் திரும்பியபோது கோப்பு முறையை ஏற்றவே முடியவில்லை. வண்டிக்காரர்களிடம் மிஞ்சியிருந்த துண்டுச் சீட்டுகளைக் கேட்டு வாங்கிக் கணக்கை மறுபடி எழுதினார்கள்.

அந்தக் கோப்பில் எழுதுவது டிஸ்க்கைப் பற்றிய கெர்னலின் எண்ணத்தை மட்டுமே மாற்றும், டிஸ்க்கை மாற்றாது. கெர்னல் ஆவணமே இதைத் தெளிவாகச் சொல்கிறது. புத்தகத்தில் ‘தீர்ந்தது’ என்று எழுதுவதால் கடன் தீர்ந்துவிடுமா? கேஷ் இல்லை என்று நம்பும் கெர்னல் ஃபிளஷ் அனுப்புவதையே நிறுத்திவிடும். எஃப்சிங்க் வெற்றி என்று சொல்லும், தரவோ இன்னும் கேஷில் கிடக்கும். பிழையை மறைப்பவர் பிறருடைய தரவைப் பணயம் வைக்கிறார். இன்றும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. யுபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் கடந்த பிறகு கடலூரில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம் என்பதை மறந்தவர்கள்தான் அப்படிச் சொல்ல முடியும்.

யாரும் கை வைக்காமலும் இது நேரலாம். கேஷ் பற்றிக் கேட்டால் பதில் தராத பிரிட்ஜ்கள் உண்டு. அப்போது கெர்னல் பதிவில் ‘அஸ்யூமிங் டிரைவ் கேஷ்: ரைட் த்ரூ’ என்ற வரி வரும். அந்த வரியைக் கண்டால் அங்கேயே நில்லுங்கள். டிஸ்க்கில் கேஷ் இருப்பது உறுதியானால், யுஎஸ்பி ஸ்டோரேஜ் டிரைவரின் குவர்க்ஸ் அளவுருவில் ‘பி’ கொடியைச் சேருங்கள். கேஷ் உண்டு என்று கொண்டு கெர்னல் ஃபிளஷ் அனுப்பும். பிரிட்ஜ் ஃபிளஷைத் தாங்காது என்றால், எச்டிபார்ம் கருவியால் டிஸ்க்கின் எழுதும் கேஷையே அணையுங்கள். வேகம் குறையும், தரவு பிழைக்கும். பல டிஸ்க்குகளில் மின்சாரம் போய் வந்ததும் கேஷ் திரும்ப இயங்கும் என்பதால், இணைக்கும் ஒவ்வொரு முறையும் அணைக்க வேண்டும். அந்தக் கட்டளையையும் பிரிட்ஜ் கடத்தவில்லையா? பெட்டியைத் தூக்கி எறியுங்கள்.

சோதிக்கும்போது டிஸ்க்கின் மின்சாரத்தையே துண்டியுங்கள். ரீசெட் பொத்தானை அழுத்தினால் டிஸ்க்குக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், கேஷும் பிழைத்துக்கொள்ளும், சோதனை பொய்யாகத் தேறும்.

அகலமான பொருத்தம்

யுஎஸ்பி அடையாள எண் பல நேரங்களில் பிரிட்ஜ் சிப்பைத்தான் சொல்லும், பெட்டியை அல்ல. ஒரு பெட்டிக்காக எழுதிய குவர்க், அதே சிப் உள்ள நல்ல பெட்டிகளையும் முடக்கும். கெர்னலில் சாட்டா டிஸ்க்குகளுக்கான குவர்க் பட்டியலைப் படியுங்கள். டிரிம் என்பது எந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை; மற்றக் கட்டளைகளோடு வரிசையில் நிற்கவைத்து அனுப்புவது வரிசை டிரிம். குரூசியல் எம்எக்ஸ்100 எஸ்எஸ்டிக்கு வரிசை டிரிம் தடை எம்யு01 ஃபர்ம்வேருக்கு (டிஸ்க்கின் உள்நிரல்) மட்டுமே. என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகளுக்கான டிரைவரில், குறிப்பிட்ட ஒரு சாம்சங் எஸ்எஸ்டி டெல் எக்ஸ்பிஎஸ் 15 9550, பிரிசிஷன் 5510 ஆகிய மடிக்கணினிகளில் இருந்தால் மட்டும் ஆழ்ந்த மின்சேமிப்பு நிலையைத் தவிர்க்கிறார்கள். அந்த அளவுக்கு ஒடுக்க வேண்டும்.

வன்பொருளே குற்றவாளி என்று முடிவு கட்டுவது

2015இல் லினக்ஸில் டிரிம் செய்தபோது சாம்சங் எஸ்எஸ்டிகளில் தரவு கெட்டது. பழி டிஸ்க்மேல் விழுந்தது. பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்பில் டிரிம் கோரிக்கைகளைக் கையாண்ட கெர்னல் நிரலில்தான் பிழை என்று சாம்சங் பொறியாளர்கள் கண்டுபிடித்துத் திருத்தமும் அனுப்பினார்கள். அதே 8 வரிசை எஸ்எஸ்டிகளில் வரிசை டிரிமுக்குத் தனியே ஒரு தடை இருந்ததும் உண்மை. இரண்டையும் பிரித்தறிய, ஒரே ஒரு டிஸ்க்கை வைத்து, ரெய்டு இல்லாமல் பிழையை வரவழைத்துப் பாருங்கள்.

காரணம் எழுதாத குவர்க்

அடுத்தவரால் நீக்க முடியாது. மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, பதிவில் வந்த பிழை வரி மூன்றும் கமிட் செய்தியில் (நிரல் மாற்றத்தோடு எழுதும் குறிப்பு) இருக்கட்டும்.