400 வருஷத்துக்கு முன்னால் கப்பலேறிய ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி? ரெபேக்கா நர்ஸை வைத்து ஒரு செய்முறை

1620-க்கும் 1640-க்கும் நடுவில் ஏறக்குறைய 20,000 பேர் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள், அதில் பெரும்பாலோர் பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்து சர்ச்சைச் சீர்திருத்த வேண்டும் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்கள். குடும்பம் குடும்பமாகப் போனதால் பெண்களும் நிறைய. ஆனால் அந்தப் பெண்களில் ஒருவரைத் தேட உட்கார்ந்தால் முதலில் அவருடைய அப்பா கிடைப்பார், அப்புறம் கணவர் கிடைப்பார், மகன் வாங்கிய நிலம்கூடக் கிடைக்கும், அவர் மட்டும் "இன்னாருடைய மனைவி" என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். அவரை அங்கிருந்து வெளியே கொண்டுவர முடியும். பொறுமை வேண்டும், ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும், அவ்வளவுதான்.

பழகுவதற்கு ரெபேக்கா நர்ஸை எடுத்துக்கொள்வோம். 1692-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் சேலத்தில் (நம் சேலம் இல்லை) சூனியக்காரி என்று குற்றம் சாட்டித் தூக்கிலிடப்பட்ட மூதாட்டி. ஆரம்பிப்பவர்களுக்கு இவரைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை, ஏனென்றால் முக்கியமான ஆவணங்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, அதோடு இந்தத் தேடலில் வழக்கமாகக் கால் இடறும் இடங்கள் எல்லாமே இவர் ஒருவருடைய கதையிலேயே வருகின்றன. முதலில் ஒன்று: நர்ஸ் என்பது இங்கே குடும்பப் பெயர், செவிலியர் வேலை இல்லை.

படி 1: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

பிறப்பிலிருந்து தேடத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். 1620-களில் இங்கிலாந்தில் பிறந்த ரெபேக்காக்கள் ஏராளம், அவர்களில் யார் நம்மவர் என்று சொல்ல ஒரு வழியும் இருக்காது. உறுதியாகத் தெரிந்த கடைசித் தகவலிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். நமக்கு அது 1692 ஜூலை 19, அவரும் இன்னும் நான்கு பெண்களும் தூக்கிலிடப்பட்ட நாள். கணவர் பெயர் பிரான்சிஸ் நர்ஸ், ஊர் சேலம் கிராமம்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: ஆவணத்தில் எழுதியிருக்கும் தேதி, எழுதியிருக்கும் வாசகம், எங்கே பார்த்தீர்கள். தேதியைத் திருத்தாமல், இருக்கிறபடியே எழுதுங்கள். ஏன் என்று படி 4-ல் தெரியும்.

ஊர்ப் பெயரையும் அப்படியே எழுதி, பக்கத்தில் இன்றைய பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய சேலம் கிராமம் இன்று டான்வர்ஸ் என்ற தனி ஊர். இது தெரியாமல் இன்றைய சேலம் நகரத்தின் வரைபடத்தில் அவர் வீட்டைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

படி 2: பிறந்த வீட்டுப் பெயரைப் பிடியுங்கள்

நம் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்து பெண்ணோடு ரொம்ப நாள் கூடவே வரும். அங்கே கல்யாணம் ஆன அன்றே அப்பா பெயர் போய்விடும். பெண்களைத் தேடுவதில் பாதி வேலை இந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதுதான்.

ரெபேக்காவின் திருமணம் 1644 வாக்கில். அதைக் கல்யாணப் பதிவில் தேடுவதைவிடக் கூடப் பிறந்தவர்கள் வழியாகப் போவது சுலபம். 1692 ஆவணங்களில் மேரி ஈஸ்ட்டி, சாரா க்ளாய்ஸ் என்ற இரண்டு பெண்கள் வருகிறார்கள். கணவர்கள் வேறு என்பதால் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர், ஆனால் மூன்று பேரும் சகோதரிகள். சகோதரிகள் என்று தெரிந்ததும், ஒருவருடைய அப்பாவைக் கண்டுபிடித்தால் மூவருக்கும் கண்டுபிடித்த மாதிரி. அப்பா வில்லியம் டவுன், அம்மா ஜோஆனா பிளெசிங். முதலில் சேலத்திலும் பிறகு பக்கத்து ஊரான டாப்ஸ்ஃபீல்டிலும் இருந்தவர்கள்.

தேடும்போது எழுத்துக்கூட்டலில் பிடிவாதம் வேண்டாம். அந்தக் காலத்தில் எழுதுகிறவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் எழுதினார். நர்ஸ் என்பதை நூர்ஸ், நர்ஸே என்றெல்லாம் ஒலிக்கிற மாதிரி பல விதமாக எழுதியிருப்பார்கள், ஒரே காகிதத்தில் இரண்டு விதமாகக்கூட இருக்கும். எல்லா விதமாகவும் போட்டுத் தேடுங்கள். பெயருக்கு முன்னால் வரும் அடைமொழியையும் விடாதீர்கள். குட்வைஃப் என்று இருந்தால் சாதாரணக் குடியானவர் வீட்டுப் பெண், மிஸ்ட்ரஸ் என்று இருந்தால் வசதியும் அந்தஸ்தும் உள்ள வீடு. ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இருந்தால் இந்த ஒரு சொல் அவர்களைப் பிரித்துக் காட்டிவிடும்.

படி 3: கடலைத் தாண்டி அந்தப்பக்கம்

இப்போது இங்கிலாந்து. 1538-லிருந்து ஒவ்வொரு சர்ச்சும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு இருந்தது. 1598-லிருந்து அதன் நகலை ஆண்டுதோறும் பிஷப்புக்கும் அனுப்ப வேண்டியிருந்தது, அதனால் மூலப் பதிவேடு செல்லரித்துப் போயிருந்தாலும் நகல் இருக்க வாய்ப்புண்டு. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி அங்கிருந்து பாருங்கள். அதில் இரண்டு விதமான சமாசாரம் கிடைக்கும், ஒன்று பதிவேட்டின் படம், இன்னொன்று யாரோ ஏற்றிவைத்த வம்சாவளி மரம். மரத்தை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படம்தான் ஆதாரம்.

படத்தைத் திறந்ததும் கொஞ்சம் பயமாக இருக்கும். அந்தக் கால எழுத்தில் சில எழுத்துகள் தலைகீழாகத் திரும்பியிருக்கும், சிலவற்றின் வால் கீழ் வரிவரை தொங்கும். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் இந்தக் கையெழுத்தைப் படிக்க இலவசப் பயிற்சியே வைத்திருக்கிறது. ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பெயர்களும் மாதங்களும் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும், நமக்கு முதலில் அது போதும்.

டவுன் குடும்பம் நார்ஃபோக் கரையில் இருக்கும் கிரேட் யார்மத் துறைமுகத்தைச் சேர்ந்தது. அங்கே செயின்ட் நிக்கோலஸ் சர்ச்சில் வில்லியம் டவுனுக்கும் ஜோஆனா பிளெசிங்குக்கும் 1620 ஏப்ரல் 25-ல் திருமணம் நடந்தது.

படி 4: தேதியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். இந்தத் தேடலில் நான் ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டு நின்ற இடம் இது.

ரெபேக்காவின் ஞானஸ்நானம் பழைய கணக்கில் 1620 பிப்ரவரி 21. கல்யாணம் 1620 ஏப்ரலில், குழந்தையின் ஞானஸ்நானம் 1620 பிப்ரவரியில். அப்படியானால் கல்யாணத்துக்கு முன்பே குழந்தையா? ஒரு பியூரிட்டன் குடும்பத்தைப் பற்றி எவ்வளவு பெரிய கதையை இதிலிருந்து கட்டிவிடலாம், யோசித்துப் பாருங்கள். ஆனால் அப்படி எதுவுமே நடக்கவில்லை.

1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி வருஷம் பிறந்தது மார்ச் 25-ல். நமக்குச் சித்திரை முதல் நாள் வருஷம் பிறக்கிற மாதிரி, அவர்களுக்கு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரைக்கும் பழைய வருஷமே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் 1620 ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்து வருவதுதான் 1620 பிப்ரவரி, நம் கணக்கில் 1621. கல்யாணம் ஆகிப் பத்தாவது மாதம் தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம், அவ்வளவுதான் விஷயம்.

நோட்டில் இதை 1620/21 என்று சாய்கோடு போட்டு எழுதுங்கள். அந்தக் காலத்தவர்களே அப்படி எழுதியிருக்கிறார்கள். 71 வருஷம் கழித்து ரெபேக்காவைக் கைது செய்யச் சொல்லி எழுதிய வாரண்டில் தேதி மார்ச் 23, 1691/2 என்றுதான் இருக்கிறது. வருஷம் முடிய இரண்டே நாள் பாக்கி.

இன்னொன்றும் உண்டு. பியூரிட்டன்கள் பலர் மாதப் பெயர்களைப் புறச்சமயத் தெய்வங்களின் பெயர் என்று ஒதுக்கிவிட்டு முதல் மாதம், இரண்டாம் மாதம் என்று எண்ணால் எழுதினார்கள். முதல் மாதம் மார்ச். ஆகவே எட்டாம் மாதம் என்று இருந்தால் ஆகஸ்ட் என்று நினைத்துவிடாதீர்கள், அது அக்டோபர்.

படி 5: எப்போது கப்பலேறினார்?

கப்பல் பயணிகள் பட்டியல் கொஞ்சம்தான் தப்பிப் பிழைத்திருக்கிறது. கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை, இரண்டு பக்கமும் முளை அடித்துக் காலத்தைச் சுருக்கலாம். தங்கை மேரிக்கு யார்மத்தில் ஞானஸ்நானம் நடந்தது 1634 ஆகஸ்ட் 24. அப்பா வில்லியம் 1640-ல் சேலத்தில் நிலம் பெறுகிறார். ஆக, பயணம் இந்த இரண்டுக்கும் இடையில், ரெபேக்காவுக்கு 13-லிருந்து 19 வயதுக்குள் இருக்கும்போது. நார்ஃபோக் பக்கத்தில் அந்த வருஷங்கள் பியூரிட்டன்களுக்குக் கெட்ட காலம். 1635-ல் நாரிச்சுக்கு பிஷப்பாக வந்த மேத்யூ ரென் அவர்களை விடாமல் நெருக்கினார்.

யார்மத்துக்கு 1637-ம் ஆண்டுப் பட்டியல் ஒன்று இருக்கிறது, கட்டாயம் படியுங்கள். யார், என்ன தொழில், என்ன வயது, கூட எத்தனை பிள்ளைகள் என்று வரிசையாகப் போகும். ஒரு போதகர் மனைவியோடும் பிள்ளைகளோடும் புறப்பட வந்து நிற்கிறார், அவர் பெயருக்கு எதிரே இவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது, போகவில்லை என்று எழுதியிருக்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேறெதுவும் தேடவில்லை. மூட்டை முடிச்சோடு அந்தக் குடும்பம் துறைமுகத்திலிருந்து திரும்பி நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே பட்டியலில் ஹென்றி ஸ்கெரி என்ற செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழகும் பையனாக எட்மண்ட் டவுன் என்று ஒருவர் வருகிறார். ரெபேக்காவின் தம்பி பெயரும் எட்மண்ட்தான்! உடனே சேர்த்துவிடத் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். பட்டியலில் வயது 18 என்று இருக்கிறது. 1637-ல் 18 என்றால் பிறப்பு 1619, இவருடைய பெற்றோரின் கல்யாணமே 1620-ல்தான். வயதைத் தப்பாக எழுதியிருக்கலாம், வேறொரு எட்மண்டாகவும் இருக்கலாம். நோட்டில் பென்சிலால் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

படி 6: சத்தமில்லாத வருஷங்கள்

கல்யாணத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ரெபேக்கா காகிதத்தில் அதிகம் வருவதில்லை. எட்டுப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். மணமான பெண்ணின் சொத்து சட்டப்படி கணவன் கையில் இருந்ததால் பத்திரம், வரி, வழக்கு எல்லாமே பிரான்சிஸ் பெயரில் இருக்கும். அப்போது பிரான்சிஸைத்தான் பின்தொடர வேண்டும். அவர் மரத்தட்டு செய்கிறவர். 1678-ல் 300 ஏக்கர் பண்ணை ஒன்றை 21 வருஷத்தில் பணம் கட்டி முடிப்பதாக ஏற்றுக்கொண்டு அங்கே குடிபோனார்கள். மகன்களும் மருமகன்களும் அந்த நிலத்திலேயே சுற்றிக் குடியிருந்தார்கள்.

சேலம் அடங்கிய எஸ்ஸெக்ஸ் கவுண்டியின் நீதிமன்றப் பதிவுகள் அச்சிலேயே வந்திருக்கின்றன, இணையத்தில் படிக்கலாம். எல்லைத் தகராறுகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். டாப்ஸ்ஃபீல்டுக்காரர்களுக்கும் சேலம் கிராமத்துப் பட்னம் குடும்பத்துக்கும் நிலத்துக்காகப் பல வருஷப் பகை. ரெபேக்கா பிறந்த வீடு டாப்ஸ்ஃபீல்டு, 1692-ல் அவர்மேல் புகார் கொடுத்தவர்கள் பட்னம்கள். பத்திரங்களை முதலில் படித்துவிட்டுப் போனால் வாரண்டைப் பார்க்கும்போது அந்தப் பெயர்கள் சும்மா கடந்து போகாது.

படி 7: அவர் பேசுவதைக் கேளுங்கள்

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் சேலம் வழக்குகளின் ஆவணங்கள் வரிசையாக இருக்கின்றன. விளக்கக் கட்டுரைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நேராக ரெபேக்கா நர்ஸ் கட்டைத் திறந்து இஸ்ரேல் போர்ட்டரும் அவர் மனைவி எலிசபெத்தும் கொடுத்த வாக்குமூலத்தைப் படியுங்கள்.

உங்கள்மேல் இப்படி ஒரு பேச்சு இருக்கிறது என்று சொல்லத்தான் அவர்கள் ரெபேக்காவின் வீட்டுக்குப் போகிறார்கள். அவர் ஏறக்குறைய ஒரு வாரமாக உடம்பு முடியாமல் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், அப்படியானால் ஆண்டவர் சித்தப்படி ஆகட்டும் என்கிறார். கொஞ்ச நேரம் திகைத்துப்போய் அப்படியே இருக்கிறார். பிறகு, இந்த வயதான காலத்தில் இப்படி ஒரு துன்பம் வர, நான் மனந்திரும்பாமல் விட்ட எந்தப் பாவத்தை தேவன் என்னிடம் கண்டுபிடித்தார் என்று கேட்கிறார். ஐம்பது வருஷம் இன்னாருடைய மனைவியாக மட்டும் இருந்தவர் இப்போது தன் வாயால் பேசுகிறார்.

அடுத்து மார்ச் 24 விசாரணை. எழுதியவர் சாமுவேல் பாரிஸ், அந்த ஊர்ப் போதகர், குற்றம் சாட்டியவர்கள் பக்கம் நின்றவர். யார் கையால் எழுதியது என்பதை எப்போதும் நோட்டில் குறியுங்கள். அவர் கையிலும்கூட ரெபேக்காவின் பதில் தெளிவாக வந்திருக்கிறது: என் நித்திய பிதாவின் முன்னால் சொல்கிறேன், நான் குற்றமற்றவள், தேவன் அதைத் தெளிவாக்குவார்.

39 பேர் கையெழுத்திட்ட ஒரு மனுவும் இருக்கிறது. ரெபேக்காவை எங்களுக்குத் தெரியும், அவர் வாழ்க்கை அவருடைய விசுவாசத்துக்கு ஏற்றபடிதான் இருந்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதே ஆபத்தாக இருந்த நேரத்தில் போட்டவர்கள் இவர்கள். அந்தப் பெயர்களை ஒன்றுவிடாமல் நோட்டில் ஏற்றுங்கள், ஒவ்வொருவரும் ஒரு புதுக் கதவு.

ஜூரி முதலில் குற்றமற்றவர் என்றுதான் சொன்னது. கூச்சல் எழுந்தது, அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு விளக்கம் கேட்டார்கள், அவர் பதில் சொல்லவில்லை, தீர்ப்பு மாறிவிட்டது. ஏன் பதில் சொல்லவில்லை என்று அவரே பிறகு எழுதிக் கொடுத்தார்: எனக்குக் காது கொஞ்சம் மந்தம், துக்கத்தில் வேறு இருந்தேன், என் வார்த்தையை நீதிமன்றம் எப்படி எடுத்துக்கொண்டது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

படி 8: இறந்த தேதியோடு நிறுத்தாதீர்கள்

ஜூலை 3-ல் சேலம் சர்ச் அவரைச் சபை நீக்கம் செய்தது, பதினாறு நாளில் தூக்கு. அதற்குப் பிறகும் காகிதம் தொடர்கிறது. பிரான்சிஸ் 1695-ல் இறந்தார். 1711-ல் மாகாணம் தண்டனையை ரத்து செய்து குடும்பத்துக்கு 25 பவுண்டு கொடுத்தது. 1712 மார்ச் தொடக்கத்தில் சர்ச்சும் சபை நீக்கத்தை ரத்து செய்தது. மார்ச் 25-க்கு முன்னால் என்பதால் அதையும் 1711/12 என்றே எழுதுங்கள். 1885-ல் சந்ததியினர் அந்தப் பண்ணையிலேயே நினைவுக்கல் நட்டார்கள். வீடு டான்வர்ஸில் இன்னும் இருக்கிறது.

இது முடிந்ததும் தங்கை மேரி ஈஸ்ட்டியை நீங்களே செய்து பாருங்கள். ஞானஸ்நானம் ஆகஸ்டில், அதனால் சாய்கோடு தேவைப்படாது. முடிவு 1692 செப்டம்பர் 22. கடைசியாக அவர் கொடுத்த மனு அதே கட்டுகளில் இருக்கிறது. நான் சாகத்தான் போகிறேன், என் உயிருக்காகக் கேட்கவில்லை, இனிமேல் குற்றமற்ற ரத்தம் சிந்த வேண்டாம் என்றுதான் கேட்கிறேன் என்று நீதிபதிகளுக்கு எழுதியிருப்பார். அங்கிருந்து பின்னோக்கி நடங்கள்.