பாங்காக்கில் முதல் முறை தெருத் தின்பண்டம்: பெங்களூருவிலிருந்து போகிறவர்களுக்குப் படிப்படியாக

கண் முன்னால் சூடாக வேகிற பண்டம் முதலில். தோல் உரித்துத் தின்கிற பழம் அடுத்து. ஐஸ் போட்ட பானம் அதற்குப் பிறகு. தேங்காய்ப்பால் ஊற்றிய இனிப்பு கடைசியில். பாங்காக்கில் புதிதாக இறங்குகிறவர்கள் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் நாலு நாள் பயணத்தில் பத்துப் பண்டமாவது ருசி பார்க்கலாம், வயிறும் ஒத்துழைக்கும்.

உணவைக் கெடுக்கும் கிருமிகள் சுமார் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் வேகமாகப் பெருகும். பெங்களூரு விவி புரம் தின்பண்டத் தெருவில் இரவு எட்டு மணிக்கு நின்றால் பெரும்பாலும் குளிர்ந்த காற்று அடிக்கும். பாங்காக்கில் ஏப்ரல் மாத இரவும் வியர்க்கத்தான் செய்யும். திறந்து வைத்த தேங்காய்ப்பாலும் நறுக்கிய பழமும் அந்தச் சூட்டில் சீக்கிரம் கெடும். விவி புரத்தில் எல்லாம் தின்று பழகிய வயிறுதானே என்ற தைரியம் அங்கே உதவாது. புது ஊரின் கிருமிகள் நம் வயிற்றுக்குப் பழக்கமில்லாதவை.

கிளம்பும் முன்பு

முதலில் ரொக்கம். பாங்காக் தள்ளுவண்டிகளில் க்யூஆர் அட்டை தொங்கும். அது தாய்லாந்து வங்கிக் கணக்குகளுக்கான ப்ராம்ப்ட்பே. கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட போனை நீட்டிப் பழகிய நாம் அதை நம்பிப் போகக் கூடாது. தாய்லாந்து நாணயமான பாட் மாற்றும்போது 1000 தாள்களாகவே நீட்டுவார்கள். 100, 50, 20 தாள்கள் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அங்கே செவன் லெவன் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிச் சில்லறை ஆக்கிக்கொள்ளலாம். முப்பது பாட் பண்டத்துக்கு ஆயிரம் பாட் தாளை நீட்டினால் வண்டிக்காரரிடம் மீதி இருக்காது. விலையை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய ரூபாய்க் கணக்கு வந்துவிடும்.

அடுத்து மருந்துக்கடை. வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓஆர்எஸ், ஆளுக்கு நாலு பொட்டலம் போதும். பொட்டலத்தின் மேல் எவ்வளவு தண்ணீருக்கு என்று போட்டிருப்பதைப் படியுங்கள். சுமார் 21 கிராம் உள்ள பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு. 4 கிராம் சொச்சம் உள்ள சின்னது 200 மில்லிக்கு. பெரியதை ஒரே டம்ளரில் கரைத்துக் குடித்தால் கரைசல் கெட்டியாகி வயிற்றுப்போக்கு இன்னும் கூடும். பலரும் சறுக்குகிற இடம் இது.

மூன்றாவது, போனில் நாலைந்து படங்கள். ‘மீன் சாஸ் போடாதீர்கள்’, ‘இறால் வேண்டாம்’, ‘முட்டை வேண்டாம்’, ‘நிலக்கடலை ஒவ்வாமை உண்டு’ என்ற வாக்கியங்களை மொழிபெயர்ப்புச் செயலியில் தாய்லாந்து எழுத்தில் எடுத்து, ஸ்கிரீன்ஷாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். தாய்லாந்து மொழியில் முட்டைக்கும் கோழிக்கும் உள்ள சொற்கள் நம் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். முட்டை வேண்டாம் என்று நாம் சொல்ல, கோழி வேண்டாம் என்று அவர்கள் புரிந்துகொண்டு முட்டையை உடைத்து ஊற்றுவது சகஜம். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தப் படத்தைக் காட்டாமல் எதையும் வாங்கக் கூடாது. தேங்காய் ஐஸ்கிரீமின் மேல்கூட வறுத்த கடலை தூவுவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து, பார்ப்பதற்கு 17 என்ற எண் மாதிரி இருக்கும். அதுதான் ‘ஜே’ குறி. கடைக் கொடியிலும் பாக்கெட்டிலும் அதைத் தேடுங்கள். ஜே என்றால் மீன், இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லை. வெங்காயம், பூண்டும் சேராது. ‘கின் ஜே’ என்று சொன்னால் ஜே சாப்பிடுகிறவர் என்று புரிந்துகொள்வார்கள். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி, ஒன்பது நாள் ஜே விழா நடக்கும். அப்போது சைனாடவுனான யாவராட் தெரு முழுக்க மஞ்சள் கொடிதான். சைவர்கள் பயணத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொண்டால் கொண்டாட்டம்.

குறி இல்லாத இடத்தில் ‘காய்கறி’ என்ற சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மீன் சாஸான ‘நம் ப்லா’வும் இறால் விழுதான ‘கபி’யும் அங்கே உப்புக்குச் சமம், கேட்காமலே விழும். உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டில் இறால் பொடி இருக்கலாம். ஜவ்வு மிட்டாயில் ஜெலட்டின் இருக்கலாம். ஹலால் முத்திரை பன்றி இல்லை என்பதற்குத்தான் உறுதி, மாடும் மீனும் இருக்கலாம்.

முதல் நாள்: சூடானது மட்டும்

பெங்களூருவிலிருந்து போகும் பல விமானங்கள் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி விடியலில் இறக்கிவிடும். தூக்கம் கெட்ட வயிற்றில் பரிசோதனை வேண்டாம். சுவர்ணபூமி விமான நிலையத்தின் தரைத்தளத்தில், 8ஆம் வாசல் பக்கம் மேஜிக் ஃபுட் பாயின்ட் என்ற உணவுக்கூடம் இருக்கிறது. விமான நிலைய ஊழியர்களே சாப்பிடுகிற இடம், விலையும் மேல்தளக் கடைகளைவிடக் குறைவு. தாய்லாந்தின் பல உணவுக்கூடங்களில் முதலில் பணம் கட்டிக் கூப்பனோ அட்டையோ வாங்கி, அதைக் கொண்டுதான் கடைகளில் வாங்க வேண்டும். கிளம்பும்போது மீதியைத் திருப்பிக் கேளுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டால் அந்தப் பணம் போனதுதான்.

மாலையில் முதல் பண்டமாக நாங்கள் பரிந்துரைப்பது கனோம் க்ரோக். கல்லைப் பார்த்ததுமே பிடிபட்டுவிடும், நம் பணியாரக்கல்லின் பெரிய அண்ணன் அது. குழிகளில் முதலில் அரிசி மாவுக் கரைசல் ஊற்றுவார்கள். அது ஓரம் பிடித்ததும் மேலே உப்பும் சர்க்கரையும் கலந்த கெட்டித் தேங்காய்ப்பால். அதன் மேல் வெங்காயத்தாள், சோளம் அல்லது சேப்பங்கிழங்குத் துண்டு. மூடி வைத்து, ஓரம் பழுப்பேறியதும் கரண்டியால் நெம்பி, இரண்டு பாதிகளை முகத்தோடு முகம் சேர்த்துத் தருவார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே பாதி உறைந்த தேங்காய்ப்பால், தித்திப்போடு கொஞ்சம் கரிப்பு. வழக்கமான செய்முறையில் முட்டை கிடையாது.

இதில் இரண்டு தவறு நடக்கும். ஏற்கெனவே பெட்டியில் அடுக்கி வைத்ததை வாங்குவது ஒன்று. ஆவியில் ஊறி மொறுமொறுப்பு போயிருக்கும், எப்போது சுட்டது என்றும் தெரியாது. கல்லில் இருப்பதைக் கைகாட்டிக் கேட்டு, நின்று வாங்குங்கள். இன்னொன்று முழுசாக வாயில் போடுவது. மேலே ஆறினாலும் நடுவில் இருக்கும் பால் ஆறாது, நாக்கு வெந்தால் அடுத்த இரண்டு நாளும் எந்த ருசியும் தெரியாது. மூன்று நாலு நிமிடம் விட்டு, ஓரத்தைக் கடித்து ஆவியை வெளியே விட்டுவிட்டுத் தின்னுங்கள்.

இதே நாளில் இன்னும் ஒன்று வேண்டுமானால் வாழைப்பழ ரொட்டி. முட்டையை மாவுக்குள் ஊற்றுவது வழக்கம், ஆகையால் மாவை வீசத் தொடங்கும் முன்பே போன் படத்தைக் காட்டுங்கள். வெண்ணெய் மாதிரித் தெரிவது பல வண்டிகளில் மார்கரின்தான். மேலே ஊற்றுகிற கண்டென்ஸ்டு மில்க்கை விரலால் கொஞ்சம் என்று காட்டினால் திகட்டாது. எள்ளும் தேங்காயும் சேர்ந்த மாவில் தோய்த்துப் பொரிக்கும் வாழைப்பழமும் நல்ல தேர்வு.

இரண்டாம் நாள்: பழமும் பானமும்

முதலில் தோலோடு வாங்குகிற பழங்கள்: ரம்புத்தான், மங்குஸ்தான், லோங்கன். மங்குஸ்தானை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் ஓடு பிளக்கும். அழுத்தியும் கல் மாதிரி இருந்தால் பழையது. அதன் ஊதாச் சாறு துணியில் பட்டால் போகாது, வெள்ளைச் சட்டையோடு தின்ன வேண்டாம்.

நறுக்கிய பழமென்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஐஸ் மேல் முழுசாக இருப்பதைக் காட்டி, அப்போதே வெட்டித் தரச் சொல்லுங்கள். கூடவே தரும் சர்க்கரை, உப்பு, மிளகாய்த்தூள் கலவை கொய்யாவுக்குப் பிரமாதம். ஆனால் பச்சை மாங்காயோடு வரும் பழுப்பு நிறக் குழம்பில் மீன் சாஸும் காய்ந்த இறாலும் உண்டு. வெல்லப்பாகு என்று நினைத்துத் தோய்த்துவிடாதீர்கள்.

பானத்தில் ஐஸைக் கவனியுங்கள். நடுவில் ஓட்டை உள்ள குழாய் வடிவ ஐஸ், தொழிற்சாலையில் சுத்திகரித்த தண்ணீரில் செய்தது. பெரிய பாளத்தை உடைத்த தூள் ஐஸ் என்றால் தவிர்க்கலாம். மீன் பெட்டிகளுக்கும் அந்தப் பாளம்தான்.

ஆரஞ்சு நிற ‘சா யென்’ தேநீரை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் எப்போது பேச வேண்டும் என்பது புரியும். துணி வடிகட்டியில் தேயிலைக் கலவை, மேலே வெந்நீர். இறங்குகிற டிகாஷனில் சர்க்கரையும் கண்டென்ஸ்டு மில்க்கும் போட்டுக் கலக்கிய பிறகுதான் ஐஸ் டம்ளரில் ஊற்றுவார்கள், கடைசியில் மேலே ஒரு வீச்சு பால். ஊற்றிய பிறகு சர்க்கரை குறை என்று சொல்லிப் பயனில்லை. கேட்கும்போதே ‘வான் நோய்’ என்று சொல்லுங்கள், தித்திப்பு குறையும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதுவும் அதிகம்தான். அவர்கள் ‘மாய் சாய் நம் தான்’ என்று சர்க்கரையே இல்லாமல் எலுமிச்சைப்புல் பானமோ இளநீரோ கேட்கலாம். சங்குப்பூவில் போடும் நீலப் பானத்தில் எலுமிச்சை விட்டால் புளிப்பால் ஊதா நிறமாக மாறும், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

மூன்றாம் நாளிலிருந்து: தேங்காய்ப்பால் இனிப்புகள்

மாம்பழமும் ஒட்டரிசியும்தான் இதில் ராஜா. ஏப்ரல், மே மாதங்களில் ‘நாம் தோக் மாய்’ ரக மாம்பழம் உச்சத்தில் இருக்கும். ஆவியில் வேகவைத்த ஒட்டரிசியைத் தேங்காய்ப்பால், சர்க்கரை, உப்பில் ஊறவைத்து, பக்கத்தில் மாம்பழம், மேலே மொறுமொறுப்பாக வறுத்த பாசிப்பருப்பு. ஊற்றுவதற்குத் தேங்காய்ப்பால் தனிப் பொட்டலத்தில் வரும். ஊற்றும் முன் முகருங்கள், துளி புளிப்பு வாடை வந்தாலும் கொட்டிவிடுங்கள். மதியம் வாங்கி இரவுக்கு என்று ஃபிரிட்ஜில் வைத்தால் அரிசி விறைத்துக் கல்லாகும், வெளியே வைத்தால் கெடும். வாங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் தின்றுவிட வேண்டும். ஒட்டரிசி வயிற்றில் கனமாக உட்காரும், இரண்டு பேருக்கு ஒரு தட்டு சரி.

லூக் சுப் என்று குட்டிக் குட்டிப் பழ வடிவத்தில் இருப்பது பாசிப்பருப்பு விழுது. மேலே பளபளப்பது கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர், சைவர்கள் தைரியமாகத் தின்னலாம். தங்க நூல் மாதிரி இருக்கும் ஃபோய் தோங் முழுக்க முட்டை மஞ்சள் கரு. போர்த்துகீசியத் தாக்கத்தில் 17ஆம் நூற்றாண்டில் அயுத்தயா அரண்மனைக்கு வந்த இனிப்பு என்பார்கள். மடித்த மொறுமொறு தோசை மாதிரியான கனோம் புவாங்கிலும் வெள்ளை நுரைக்கு முட்டை சேரும். ஆரஞ்சு நிறப் பூரணம் இரண்டு வகை, ஒன்றில் இந்த முட்டை நூல், மற்றதில் இறால்.

டுரியன் ஆசை இருந்தால் மோன் தோங் ரகத்தில் ஒரு சுளை மட்டும் கேளுங்கள், வாடை மிதம். கடையிலேயே நின்று தின்றுவிடுங்கள். ஹோட்டல் அறைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் அபராதம். மதுவோடு சேர்க்க வேண்டாம்.

இதமாகச் சுற்ற கம்பேங் பெட் மெட்ரோ நிலையம் அருகே ஓர் தோர் கோர் சந்தை நல்லது. விலை கூடுதல், சுத்தமும் தரமும் அதற்கேற்ப இருக்கும். யாவராட் மாலையில்தான் களைகட்டும். திங்கட்கிழமை பல தெருக்கடைகள் இருக்காது.

வயிறு கெட்டுவிட்டால்

புதியதை உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை போய்வந்ததும் ஒரு டம்ளர் ஓஆர்எஸ், மெதுவாக. பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் மட்டமான ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் போக்கை நிறுத்தும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளாமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஆம்புலன்ஸ் எண் 1669. தயிர்சாதம்தான் இறங்கும் என்றால் சீலோம் சாலைப் பக்கம் போகலாம். தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு.

ஊருக்குக் கொண்டுவர உலர்ந்த மாம்பழம், புளி மிட்டாய், தாய்லாந்துத் தேயிலைப் பொட்டலம் சரி. மிளகாய் சாஸ் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள். உலர்த்தாத பழங்கள் வேண்டாம். ஒட்டரிசி, தேங்காய்ப்பால் இனிப்பு எதையும் கட்டிக்கொண்டு வர வேண்டாம், பெங்களூரு வந்து சேர்வதற்குள் கெட்டுவிடும்.