ஈமோஜி வந்தால் மறைந்துபோகும் எஸ்டி டெர்மினல்: என் அனுபவம்

பல நாளை விழுங்கிய சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது, நிம்மதி. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய நான் பயன்படுத்தும் சிறிய நிரல்தான் எஸ்டி (st) டெர்மினல். அதில் கிட் லாக் (நிரலில் செய்த மாற்றங்களின் வரலாறு) பார்க்கும்போது திடீரென ஜன்னலே மறைந்துவிடும். அதுவும் சில ரெப்போக்களில் (நிரல் களஞ்சியங்களில்) மட்டும்.

பழைய வரிகளை உருட்டிப் பார்க்க உதவும் ஸ்க்ரோல்பேக் பேட்ச்சை நீக்கி, மூலநிரலை மீண்டும் கம்பைல் செய்தேன், ஒரே டெர்மினலைப் பலவாகப் பிரிக்கும் டிமக்ஸ் இல்லாமல் ஓட்டினேன், ராம் சோதனையும் செய்தேன். பயனில்லை.

எக்ஸ்டெர்ம் என்ற வேறொரு டெர்மினலுக்குள்ளிருந்து எஸ்டியை இயக்கியபோதுதான் துப்பு கிடைத்தது. எஸ்டி நின்றுபோகும்போது எழுதும் பிழைச்செய்தி அதன் சொந்த ஜன்னலில் வராது. எஸ்டியைத் தொடங்கிய இடத்துக்குத்தான் போகும். விண்டோ மேனேஜரின் குறுக்குவிசையில் திறப்பவர்கள் கண்ணில் அது படவே படாது. எக்ஸ்டெர்மில் 'பேட்லெங்த்' என்ற பிழை தெரிந்தது; ஜன்னல்களைத் திரையில் காட்டும் எக்ஸ் அமைப்பின் பிழை அது. கமிட் செய்தியில் (ஒவ்வொரு மாற்றத்துடனும் எழுதும் குறிப்பில்) இருந்த ஈமோஜிதான் காரணம். எழுத்துகளைத் திரையில் வரையும் எக்ஸ்எஃப்டி நூலகத்தின் பழைய பதிப்பு வண்ண எழுத்துருவை வரையப்போய்த் தடுக்கி விழுகிறது. ஒற்றை வண்ண எழுத்துரு என்றால் பிரச்சினை இல்லை.

எஸ்டியின் எக்ஸ்.சி கோப்பில் மாற்று எழுத்துரு தேடும் இடத்தில், 'ஸ்கேலபிள்' (அளவு மாற்றக்கூடிய எழுத்துரு) கேட்கும் வரிக்குக் கீழே 'எஃப்சி கலர்' (வண்ண எழுத்துரு) வேண்டாம் என்று ஒரே ஒரு வரி சேர்த்துக் கம்பைல் செய்தேன். அதன்பின் மறையவில்லை. மூலநிரல் இவ்வளவு சிறிதாக இருப்பதால்தான் அந்த இடத்தை நானே தேடிப் பிடிக்க முடிந்தது. எக்ஸ்எஃப்டியைப் புதுப்பிக்க முடிந்தவர்களுக்கு இந்த வரி தேவையில்லை. 2022இல் வந்த பதிப்புகளிலேயே இது சரிசெய்யப்பட்டுவிட்டது.