கோழி எச்சத்தை உமியோடு சேர்த்தே வாருங்கள்

கோழிக் கூண்டில் உமியோ மரத்தூளோ பரப்பியிருந்தால் எச்சத்தை மட்டும் சுரண்டாதீர்கள். மொத்தமாக வாரி, நிழலில் இடுப்பளவு குவித்து, தண்ணீர் தெளித்து 3 மாதம் மக்கவிட்டுத் தோட்டத்துக்குப் போடுங்கள். பச்சை எச்சத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏராளம். அப்படியே கொட்டினால் கத்தரி நாற்றின் இலை ஓரம் கருகிவிடும். உமியின் கரிமச்சத்து அந்தத் தழைச்சத்தை அமோனியாவாகப் பறந்துபோக விடாமல் பிடித்துவைக்கும்.

ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும், அதுதான் சரியான ஈரப்பதம். வாரம் ஒருமுறை கிளறுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி போய் மண்வாசம் வந்தால் தயார் (அதுவரை பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார்). உமி முழுசாக மக்கியிருக்காது, பரவாயில்லை, மண் பொலபொலப்பாகும்.

பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, முள்ளங்கிக்கு அரைகுறையாக மக்கியது வேண்டவே வேண்டாம், கிருமி ஒட்டும். பெயிண்ட் அடித்த பலகையின் தூளும் கூடாது.